ஓடாத ஃப்ரிட்ஜும் மாமாவின் கடைவாய்ப் பல்லும்

1

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். என் மாமனார் விஷயத்தில் அது நடக்காது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். மனிதர் தூக்கத்தில்கூட யாரையாவது விசாரித்துக்கொண்டிருப்பார். ஆனால் போன சனிக்கிழமை அது நடந்துவிட்டது. அதைத்தான் எழுதப்போகிறேன். 'அமெரிக்காவுல உங்களுக்கென்ன குறைச்சல்' என்று ஊரில் கேட்பவர்களுக்கு இனிமேல் இதை அனுப்பிவிடலாம் என்ற எண்ணமும் உண்டு.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில். நான், என் கணவர் பிரபு, பத்து வயதில் மித்ரா என்று ஒரு மகள். வாசலில் இரண்டு கார். சமையலறையில் ஒரு ஃப்ரிட்ஜ், கராஜில் இன்னொன்று. பார்க்கிறவர்களுக்கு மகாராஜா வீடு. பிரபுவுக்கு வேலை போய்ச் சில மாதமாகிறது என்பதும், இரண்டாவது காரில் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்பதும், கராஜ் ஃப்ரிட்ஜ் ஓடியே நாளாகிறது என்பதும் வெளியே தெரியாது. அந்த ஃப்ரிட்ஜைத் தூக்கிப்போட ஆளைக் கூப்பிட்டால் அதற்கும் காசு கேட்கிறார்கள். போகட்டும் என்று அரிசி மூட்டையையும் குளிர்காலக் கம்பளிகளையும் உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டேன். வண்டு வராது. அது என் அம்மா வீட்டுப் பழக்கம். அந்தக் கதை பின்னால் வருகிறது.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க மாமா வந்திருந்தார். எங்கள் பக்கம் மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். தாலுகா வழங்கல் அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரேஷன் கார்டு கேட்டவர்கள் வீட்டுக்குப் போய், தனி அடுப்பு இருக்கிறதா, ஆள் எத்தனை, வசதி எப்படி என்று பார்த்து வருகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் போகவில்லை. வந்த அன்றைக்கே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். கராஜ் வரைக்கும் போய் இரண்டாவது ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. அரிசி மூட்டையையும் கம்பளியையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவை மெதுவாகச் சாத்தினார். மாமா கேள்வி கேட்காமல் விட்ட ஒரே சாமான் அதுதான்.

வேலை போனவர்களுக்கு இங்கே அரசாங்கம் கொஞ்ச காலம் உதவி தருகிறது. ஆனால் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று வாராவாரம் காட்ட வேண்டும். இந்த ஏற்பாடு மாமாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் காபி டம்ளரோடு மகனுக்குப் பின்னால் போய் நிற்பார்.

"இன்னைக்கு எத்தன எடத்துல அப்ளை பண்ணுனே?"

"ரெண்டுங்ப்பா."

"ப்ரூஃப் இருக்குதா?"

"அப்பா, நான் உங்க பையனுங்க."

"அதுனாலதான் கேக்கறேன். மத்தவனா இருந்தா நம்பியிருப்பேன்."

2

வினை கடலை மிட்டாயில் வந்தது. இந்தியக் கடையில் வாங்கியது. எத்தனை மாதம் கப்பலில் கிடந்ததோ, கல் மாதிரி இருந்தது. கடித்த வேகத்தில் மாமாவின் கடைவாய்ப் பல் பாதியாக உடைந்தது. மறுநாள் காலையில் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

பயணக் காப்பீடு எடுத்துத்தான் அவரை வரவழைத்திருந்தோம். கம்பெனிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் தேன் மாதிரிப் பேசினாள். திடீரென்று வந்த வலி என்றால் செலவைத் தருவார்களாம். பழைய வியாதி என்றால் தர மாட்டார்களாம். இந்தப் பல்லில் முன்பு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னே மாமா போனுக்குக் குனிந்தார். வலியோடு வலியாக ஆபீஸ் ஆங்கிலம் வந்தது.

"மேடம், கைண்ட்லி நோட். திஸ் டூத் இஸ் ஷேக்கிங் ஃபார் மெனி இயர்ஸ்."

அந்தப் பெண் நன்றி சொல்லி, மனுவை அங்கேயே தள்ளுபடி செய்துவிட்டாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"மாமா, எதுக்குங்க அதையெல்லாம் சொல்லோணும்?"

"கேட்டாங்கல்ல அம்மணி? கேட்டா உள்ளதச் சொல்லோணும்."

பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு ஒரு தொகையைச் சொன்னாள். அதைக் கேட்டதும் மாமாவுக்கு வலியே நின்றுவிட்டது. பார்க்கிங்குக்கு வந்த பிறகுதான் திரும்ப ஆரம்பித்தது. கிரெடிட் கார்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார் பிரபு.

"வேலையில்லாதவன் ஊட்டுல என்ற பல்லுக்குக் கடனா? ஊருக்குப் போயிப் புடுங்கிக்கறேன், வண்டிய எடு."

ஊருக்குப் போகிற டிக்கெட் அடுத்த மாதக் கடைசியில். அதை முன்னால் மாற்றக் கேட்ட காசுக்குப் பல் டாக்டரே தேவலாம் போலிருந்தது. மாமா ரசத்தில் கரைத்த சோற்றை ஒரு பக்கமாக விழுங்கினார். முனகவில்லை. ஆனால் பிரபுவிடம் ப்ரூஃப் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எங்களுக்குப் பயமாகிவிட்டது. காலையில் தானாகவே அப்பாவிடம் போய், "இன்னைக்கு மூணு எடத்துல அப்ளை பண்ணிருக்கேனுங்ப்பா" என்றார் பிரபு. மாமா தலையை மட்டும் ஆட்டினார். என் கணவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் மித்ராவின் தமிழ்ப் பள்ளியில் ஒரு ஆன்ட்டி அந்த முகாமைப் பற்றிச் சொன்னார். பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில், டாக்டர்கள் ஒருநாள் கூடி இலவசமாகப் பல் பிடுங்குகிறார்களாம். முதலில் வருபவருக்கு முதலில்.

பிரபுவுக்கு உடனே விசா பயம் வந்துவிட்டது. விசிட்டர் விசாவில் வந்தவர் இலவசம் வாங்கினால் பின்னால் வில்லங்கம் வருமோ? வாட்ஸப் குழுவில் கேட்டார். கேட்டதுதான் தாமதம், குழுவில் இருந்த அத்தனை பேரும் வக்கீலாகிவிட்டார்கள். பாதிப் பேர் போகாதே என்றார்கள், மீதிப் பேர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். கடைசியில் நிஜ வக்கீல் ஒருவர், அது தர்மத்துக்கு நடக்கிறது, அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரே வரியில் முடித்தார்.

பிரபுவைச் சமாதானப்படுத்திய பிறகு மாமா முரண்டு பிடித்தார்.

"அது இல்லாதவங்களுக்கு வெச்சிருக்கறது. ரெண்டு காரு, ரெண்டு ஃப்ரிட்ஜ் இருக்கற ஊட்டுல இருந்து நான் போயி நின்னா, வேற ஒருத்தன் பங்கத் திங்கற மாதிரி ஆகும்."

"வலிக்குதுல்லைங்க மாமா?"

"வலிச்சா?" என்றார். கொஞ்ச நேரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "செரி, வர்றேன். ஆனா அங்க விசாரிப்பாங்க. விசாரிக்காம எவன் குடுப்பான்? உள்ளதச் சொல்லுவேன். தகுதி இல்லைன்னா திரும்பி வந்தர்றேன்."

இன்சூரன்ஸ் பெண்ணிடம் சொன்ன மாதிரி அங்கேயும் உள்ளதைச் சொல்லித் தொலைத்தால் அந்தப் பல் வாயிலேயே இருந்து சீழ் பிடித்துவிடும். எனக்கு அந்தக் கவலை பிடித்துக்கொண்டது.

3

அன்று சாயங்காலம் மித்ரா கேட்டாள், தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று. அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அரசாங்கக் கடையில் ஒரு அட்டையைக் காட்டினால் அரிசியும் சர்க்கரையும் மலிவாகத் தருவார்கள் என்று விளக்கினேன்.

"ஸோ, லைக் எ மெம்பர்ஷிப் ஸ்டோர்?"

கிட்டத்தட்ட என்றேன். யாருக்கு மெம்பர்ஷிப் என்று பார்ப்பது தாத்தாவின் வேலை. அம்மச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஒரு தடவை கௌரவ அட்டைகூடக் கொடுத்தார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மித்ராவின் கண் விரிந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் எடுப்பவர்கள் பெயரை ஹானர் ரோல் என்று எழுதிப் போடுவார்கள்.

"அம்மச்சி மேட் ஹானர் ரோல்? தட்ஸ் ஸோ கூல்!"

என் அம்மா அதைக் கேட்டிருந்தால் பேத்தியைத் துடைப்பத்தால் அடித்திருப்பாள்.

கதை இதுதான். நாடு தன் சந்தையை உலகத்துக்குத் திறந்துவிட்ட பிறகு வந்த வருடங்கள். பெட்டிக்கடையில் புதுப் புதுக் குளிர்பானம் வந்தது. டிவியில் சேனல் பெருகியது. அப்பா வேலை பார்த்த நூல் மில்லில் சங்கு நின்றது. போட்டிக்குக் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மில் நன்றாக ஓடிய காலத்தில், தீபாவளி போனஸில் அப்பா ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தார். மில் நின்ற கையோடு அதுவும் நின்றது. ரிப்பேர் செய்யக் காசில்லாமல், அம்மா அதில் எங்கள் துணியை மடித்து அடுக்கினாள். பீரோ வாங்கும் செலவு மிச்சம் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்தச் சமயம் பார்த்து அரசாங்கத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது. மானியம் எல்லோருக்கும் எதற்கு, இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இல்லாதவர் யார் என்று பார்க்க வீடு வீடாக ஆள் வந்தது. வசதி உண்டு என்று முடிவானால் கார்டில் ஒரு முத்திரை. அதற்குப் பிறகு அரிசி கிடையாது. ஆனால் அந்தக் கார்டுக்குக் கௌரவ அட்டை என்று மரியாதையான பெயர். "கௌரவத்த ஒலையில போட்டா வேகுமா?" என்று எங்கள் வீதியே கேட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்த ஆபீசர் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்ததும் நின்றார். அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்து காட்டினாள்.

"பாருங்க சார், ஓடறதில்லீங்க. துணிதானுங்க வெச்சிருக்கறேன்."

அவர் எட்டிப் பார்த்தார். "இருக்குதா இல்லியான்னுதானுங்க கேக்கோணும். ஓடுதான்னு கேக்கச் சொல்லலீங்க" என்றார். முத்திரை விழுந்தது.

அரிசி நின்றது. அப்பா கூலிக்குப் போன நாளில் கடை அரிசி, போகாத நாளில் ராகிக் களி. சில நாள் அம்மா பசிக்கவில்லை என்றாள். நானும் நம்பினேன். கொஞ்ச காலத்தில் அரசாங்கமே மனசு மாறி எல்லோருக்கும் அரிசியைத் திருப்பித் தந்துவிட்டது. அம்மா மனசு மாறவில்லை.

பல வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்தார், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. அம்மா அடுப்படியில் என் கையைப் பிடித்து, "அந்த மனுசன்டி!" என்றாள். அதற்குள் என் முதல் சம்பளத்தில் புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தோம். அம்மா கூடத்துக்குப் போய் ரொம்பப் பணிவாக, "ஐஸ் தண்ணி குடிக்கறீங்களா? இப்ப ஓடுதுங்க" என்றாள். மற்றவர்கள் உபசாரம் என்று நினைத்தார்கள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஞாபகம் இருக்கிறதா இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கல்யாணம் நடந்தது. பையன் நல்ல பையன், அப்பன் செஞ்சதுக்கு அவன் என்ன பண்ணுவான் என்று அம்மா ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்குச் சம்பந்தி எப்போது வந்தாலும் சப்பாத்தி, உப்புமா, ராகிக் களி. இலை நிறையப் பலகாரம் இருக்கும், ஒரு பருக்கை சோறு இருக்காது. "சம்பந்திக்குச் சக்கர வந்தரக் கூடாதுங்க" என்று அக்கறையாகச் சொல்வாள். மாமாவுக்கு அன்றும் சர்க்கரை கிடையாது, இன்றும் கிடையாது.

4

பிரபுவை மித்ராவோடு வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் நானும் மாமாவும் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வரிசை வளைந்து கிடந்தது. குளிர் காற்று வேறு. மாமா காரிலிருந்து இறங்கினார். கோபி ஜவுளிக்கடையின் பெயர் போட்ட கட்டைப்பையை வரிசையின் கடைசியில் வைத்தார், பறக்காமல் இருக்க அதற்குள் ஒரு கல்லைப் போட்டார், திரும்பிக் காருக்கு வந்துவிட்டார்.

"மாமா, இங்கெல்லாம் அப்படி வெக்க மாட்டாங்க!"

"வரிசைன்னா ஒலகம் பூராம் ஒண்ணுதான் அம்மணி. கம்முனு ஹீட்டரப் போடு."

எனக்கு மானம் போனது. பைக்குப் பின்னால் தொப்பியும் பூட்ஸுமாக ஓர் ஆள் வந்து நின்றார். பையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். வெடிகுண்டு என்று போலீஸைக் கூப்பிடப்போகிறார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். வரிசை நகர்ந்தது. அந்த ஆள் பூட்ஸ் நுனியால் பையை நோகாமல் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னாலேயே நகர்ந்தார். மறுபடி வரிசை நகர்ந்தது, மறுபடி தள்ளினார்.

"பாத்தியா?" என்றார் மாமா, வீங்கிய கன்னத்தோடு.

வாசல் நெருங்கும்போது போய்ச் சேர்ந்துகொண்டோம். நான் நன்றி சொன்னேன். அவர் தொப்பியைத் தொட்டுக்கொண்டார். அவர் வந்திறங்கிய வண்டியை மாமா ஏற்கனவே நோட்டம் விட்டிருந்தார்.

"எவ்ளோ பெரிய வண்டி வெச்சிருக்கறான். இவனுக்கு எதுக்கு ஓசி?" என்று என் காதில் கேட்டார்.

பேச்சுக் கொடுத்தேன். இரண்டு கம்பெனிக்கு முன்னால் ஆரம்பித்த பல் வலியாம். ஒவ்வொரு வேலை போகும்போதும் இன்சூரன்ஸும் கூடவே போய்விட்டதாம். வண்டிக்குத் தவணை நிற்கிறது, எந்த நாளில் வந்து தூக்கிக்கொண்டு போவார்களோ என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தபோது வாயில் பல் குறைவாகத்தான் இருந்தது. மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் அந்த வண்டியை இன்னொரு தடவை பார்த்தார்.

உள்ளே மேஜையில் டோனா என்று ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார், பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்டார், எந்தப் பல் என்று கேட்டார். அவ்வளவுதான், போய் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். மாமா நகரவில்லை.

"மேடம், யூ ஆர் நாட் ஆஸ்க்கிங் இன்கம்."

டோனா புன்னகையோடு இல்லை என்று தலையாட்டினார்.

நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். மாமா உதறினார். "மேடம், ஆஸ் பெர் ரூல்ஸ் ஐ மஸ்ட் டெல். இன் மை சன்ஸ் ஹவுஸ், டூ கார். டூ ஃப்ரிட்ஜ்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். டோனா பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு மேலாக மாமாவை நன்றாகப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு ஃப்ரிட்ஜில் எந்த ஃப்ரிட்ஜுக்குப் பல் வலி என்று கேட்டார்.

பின்னால் நின்ற தொப்பிக்காரர் கடகடவென்று சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இந்தம்மா கணக்கே வேற மாதிரி இருக்குது அம்மணி" என்றார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"உங்கம்மா கதவத் தொறந்து காட்டுனப்ப, மேல் தட்டுல பள்ளிக்கூடத்துத் துணி மடிச்சிருந்துது. நீலப் பாவாடை. உன்றதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆமாங்க மாமா."

"எல்லாம் கண்ணுல பட்டுது. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதிப்போட்டு வந்தேன்." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "உங்கூட்டுல எனக்குச் சோறு போடறதில்லைன்னு தெரியாதுன்னு நெனச்சியா? எனக்குச் சக்கர இல்லைன்னு உங்கம்மாவுக்கும் தெரியும். தின்னுபோட்டு வந்தனல்ல, ஒரு வார்த்த கேட்டனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த மனிதர் களியை உருட்டி உருட்டி விழுங்கியது கண்ணுக்குள் வந்தது. நல்லவேளை, அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்ட பெண் அந்தப் பெயரைப் படுத்தியபாட்டில் எங்கள் குலதெய்வமே திடுக்கிட்டிருக்கும்.

5

பல் வெளியே வந்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சை வைத்து, கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் பிரபு, "எப்படிங்ப்பா இருக்குது?" என்றார். மாமா கட்டை விரலைக் காட்டினார். மித்ரா அசந்துபோனாள். தாத்தா பேசாமல் இருப்பதை அவள் பார்த்ததே இல்லை.

ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்து அம்மா படுக்கப்போகும் நேரம். சம்பந்திக்குப் பல் பிடுங்கியாகிவிட்டது என்று சொல்ல வீடியோவில் கூப்பிட்டேன். மாமா கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார். பேச வாயைத் திறந்தார், முடியவில்லை. ஒரு நிமிடம் யோசித்தார். போனோடு எழுந்து விறுவிறுவென்று கராஜுக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

கராஜ் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். போனை அதன் பக்கம் திருப்பிப் பிடித்துக் கதவைத் திறந்தார். விளக்கு எரியாத இருட்டுக்குள் அரிசி மூட்டை, மேலே கம்பளி, மித்ராவின் பழைய ஸ்வெட்டர். ஒவ்வொரு தட்டாக நிதானமாகக் காட்டினார்.

"வாட் இஸ் தாத்தா டூயிங்?" என்றாள் மித்ரா. பிரபு அவளைச் சும்மா இருக்கச் சொன்னார்.

போனிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எதுக்குங்க சம்பந்தி தொறந்து காட்டறீங்க? இருக்குதா இல்லியான்னுதானுங்க கேக்கோணும். ஓடுதான்னு கேக்கக் கூடாதுங்களே!"

சொல்லி முடித்தாளோ இல்லையோ, அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இருமி இருமிச் சிரித்தாள். நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. மாமாவின் தோள் குலுங்கியது. பஞ்சைக் கடித்துக்கொண்டு சிரிப்பது சுலபமில்லை.

"செரி, போதும், கதவச் சாத்துங்க. எலி பூந்துக்கும்" என்றாள் அம்மா. "ஊருக்கு வந்தா மொதல்ல இங்க வாங்க. பல்லில்லாத வாய்க்கு நல்லாக் கொழையக் கொழையச் சோறு ஆக்கிப் போடறேன்."

மாமா பஞ்சை வெளியே எடுத்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன், அவர் கேட்கவில்லை.

"ரேசன் அரிசிங்களா?" என்றார். பல் போன பிறகு பேசிய முதல் பேச்சு.

"ஆமாங், ரேசன் அரிசிதான். ஏனுங், வேண்டாங்களா?"

"வேணுங்க" என்றார் மாமா.